ரோக்லைக்: சொல் விளக்கம்

வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் ஓடிவிடுகிறவர்களுக்கு எந்த வீடியோ கேம் ஒத்துவரும்? நான் தயங்காமல் சொல்வது ரோக்லைக். ‘ரோக் போன்றது’ என்பதுதான் இதன் நேர்ப்பொருள்.

ரோக் என்ற கணினி விளையாட்டு 1980இல் பிறந்தது. கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் யூனிக்ஸ் இயங்குதளக் கணினிக்காக எழுதினார்கள். பிறகு கென் அர்னால்டு சேர்ந்துகொண்டார். திரையில் படமே இருக்காது. மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறிதான் நீங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் உங்களைத் துரத்தும் அரக்கர்கள். நிலவறையின் அடியாழத்தில் இருக்கும் யெண்டோர் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் அறைகளும் வழிகளும் புதிதாக அமையும். செத்தால் முதலிலிருந்துதான். சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்ததும் அந்தக் கோப்பு அழிந்துவிடும் என்பதால், பழைய இடத்துக்குத் திரும்பி ஏமாற்ற முடியாது.

1987இல் வந்த நெட்ஹேக் போன்றவை இதே வழியில் வளர்ந்தன. எது ரோக்லைக், எது இல்லை என்று வரையறுக்க 2008இல் பெர்லினில் கூடிய உருவாக்குநர்கள் ஓர் அளவுகோலையே வகுத்தார்கள். இறந்தாலும் சில வசதிகள் அடுத்த ஆட்டத்துக்குத் தொடர்ந்துவரும் ஹேடிஸ் போன்றவற்றை ‘ரோக்லைட்’ என்று பிரித்துச் சொல்வதும் உண்டு.

சரி, நேரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பெரிய கதை விளையாட்டை இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்தால், எங்கே போய்க்கொண்டிருந்தோம், எந்தப் பொத்தான் எதற்கு என்றே மறந்திருக்கும். இதில் அந்தப் பாடு இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் தன்னளவில் முழுமை. வேம்பயர் சர்வைவர்ஸில் வழக்கமான ஓர் ஆட்டம் அரைமணி நேரம், அதற்குமேல் இழுக்காது. சீட்டு விளையாட்டான ஸ்லே தி ஸ்பையர் இன்னும் நீளும். ஆனால் முறை வைத்து ஆடுவது என்பதால் நீங்கள் சீட்டை இறக்கும்வரை எதிரி காத்திருப்பான். அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிவிட்டு வரலாம். சண்டைக்கு நடுவே சேமித்து வெளியேறினால், திரும்பும்போது அந்தச் சண்டை முதலிலிருந்து தொடங்கும். அதனால் மிச்சமிருப்பது பத்து நிமிடம்தான் என்றால், புதிய அறைக்குள் நுழையுமுன் நிறுத்திவிடுவது நல்லது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ‘ரோக்’ என்பதைப் போக்கிரி என்று மாற்றிப் ‘போக்கிரி விளையாட்டு’ என்பது பொருந்தவே பொருந்தாது. இங்கே அது ஒரு விளையாட்டின் பெயர். ‘ரோக் வகை’ எனலாம், பிழையில்லை. ஆனால் மூல விளையாட்டைத் தெரியாதவருக்கு அது எதையும் உணர்த்தாது. ‘ஓருயிர் ஆட்டம்’ என்பதே என் பரிந்துரை. ‘ஈருடல் ஓருயிர்’ என்று நட்பைச் சொல்லிப் பழகிய காதுக்கு முதலில் வேறு மாதிரி ஒலிக்கலாம், பழகிவிடும். உயிர் ஒன்றுதான் என்பதே இந்த வகையின் உயிர்நாடி. மீட்டெடுக்க முடியாத அந்த இறப்பை ‘மீளாச் சாவு’ எனலாம். தொடங்கியதிலிருந்து சாவோ வெற்றியோ வரும்வரை ஆடும் ஒரு சுற்றை ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பார்கள். அதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. தெருவில் ஆடிய காலத்திலிருந்து நம்மிடம் ‘ஆட்டம்’ இருக்கிறது.

எடுத்துக்காட்டு (பலாட்ரோ இந்த வகைச் சீட்டு விளையாட்டு): ‘தூங்கப்போகுமுன் பலாட்ரோவில் ஓர் ஆட்டம் போட்டேன், மூன்றாவது கட்டத்திலேயே காலி.’