முதல் மருந்து கேட்காதபோது: மனச்சோர்வு சிகிச்சையில் புதிய வழிகள்

மனச்சோர்வோடு மனநல மருத்துவரிடம் வருபவர்களில் பலர், அதற்கு முன்பே ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, தைராய்டு பரிசோதனை எனத் தடித்த ஒரு ஃபைலைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். உடல் அசதி, தலைபாரம், பசியின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும் தூக்கம் என எல்லாவற்றையும் சொல்பவர்கள், மனம் சரியில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நோயைக் கண்டறிந்து மாத்திரை தொடங்கிய பிறகும், பத்தே நாளில் "மருந்து கேக்கல டாக்டர்" என்று பாதி அட்டையோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

மூளையில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த எளிய விளக்கம். மாத்திரை செரட்டோனின் மீது சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டாலும், மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன என்பதே அந்த விளக்கம் போதாது என்பதற்குச் சான்று. அந்தக் கோட்பாட்டுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றும் கூறியது. அதைக் கேட்டு மாத்திரைகளே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி. வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி.

முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறுபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் என்பதை, 2006-இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்னும் பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தை மாற்றியும் வேறொன்றைச் சேர்த்தும் பார்த்தபோது மேலும் பலர் தேறினர். எனினும் மூன்றாம், நான்காம் கட்டங்களில் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது.

அப்படி எஞ்சியவர்களுக்காகத்தான் புதிய சிகிச்சைகள் பெரும்பாலும் தேடப்பட்டன. மயக்க மருந்தான கெட்டமின், குளூட்டமேட் என்னும் வேறொரு வேதிப்பொருளின் வழியாகச் செயல்பட்டு, சில மணி நேரத்திலேயே சோர்வைத் தணிப்பது 2000 முதல் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பானுக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. விரைவாகத் தணிப்பதைப் போலவே ஒருமுறை கொடுத்ததன் பலன் சில நாட்களில் தேய்ந்தும்விடுகிறது. ரத்த அழுத்தம் ஏறக்கூடும், தன்னுணர்வு விலகுவது போன்ற அனுபவமும் நேரலாம் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பின்றி இதைத் தரலாகாது. தலையில் காந்தத் துடிப்புகளைச் செலுத்தும் டிஎம்எஸ் சிகிச்சையில், வழக்கமான 37 நிமிட அமர்வுக்கு மூன்று நிமிட அமர்வு பலனில் குறைந்ததல்ல என்று 2018-இல் ஒரு கனடா ஆய்வு நிறுவியது.

இவற்றையெல்லாம்விட நம் நாட்டுக்கு முக்கியமானதாக நான் கருதுவது, இயந்திரமோ புதிய மருந்தோ இல்லாத கோவா ஆய்வைத்தான். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளியிடம் ஆறிலிருந்து எட்டு முறை பேசவைத்தார்கள். மனம் சரியானபின் செய்யலாம் என்று ஒத்திவைத்த குளியல், கடைக்குப் போய்வருதல், அக்கம்பக்கத்தாரோடு பேசுதல் போன்றவற்றைச் சிறிதுசிறிதாக இப்போதே தொடங்கவைப்பதே இந்த முறை. 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் இந்த நோயாளிகளில் 64 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு பெருமளவு தணிந்திருந்தது. மருத்துவரின் வழக்கமான கவனிப்பைச் சற்றே மேம்படுத்திய வடிவில் மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதமே.

ஆகவே மாத்திரை கேட்கவில்லை எனத் தோன்றினால், தாமாக நிறுத்தாமல், எந்த அளவில் எத்தனை வாரம் சாப்பிட்டோம் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும். அடுத்த வழியைத் தீர்மானிக்க அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான். சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.