ராமன் தட்டிக் கேட்ட மிருதங்கம்

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 வந்துவிட்டால் சர் சி.வி. ராமனுக்கு மாலை போட்டு, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசி முடித்துவிடுவோம். இந்த வருடம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேறொன்று கேட்டாள்: "மிருதங்கம் நடுவுல அந்தக் கருப்பு வட்டம் எதுக்கு சார், அழகுக்கா?" அதற்கும் விடை தேடியவர் ராமன்தான்.

வாழ்க்கைக் குறிப்பு பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: 1888-ல் திருவானைக்காவலில் பிறப்பு, சென்னை மாநிலக் கல்லூரி, 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம், 1930-ல் நோபல். ஆபீசுக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அவர் ஆராய்ச்சி செய்தது பவ்பஜார் தெருவில், மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-ல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில். அங்கே வயலின், வீணை, தபலா எல்லாம் அவருக்கு ஆய்வுப் பொருள்கள்.

சரி, வட்டத்துக்கு வருவோம். வீணைக் கம்பியை மீட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து வரும். காதுக்கு அது இனிமை. இழுத்துக் கட்டிய வெறும் தோலில் அப்படி வராது, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள். அதனால்தான் சாதாரணக் கொட்டில் சத்தம் இருக்கும், சுருதி இருக்காது.

இப்போது நடுவில் பாரம் ஏற்றுங்கள், அந்தக் கருப்பு வட்டம்தான் அந்தப் பாரம். அடிப்படை அதிர்வில் தோல் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்கும். அதிகம் ஆடுவது நடுப்பகுதி. அங்கே பாரம் இருந்தால் அந்த அதிர்வு நன்றாகவே மந்தமாகும். அடுத்த அதிர்வில் ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போகும், சீசா மாதிரி. சீசாவின் நடுவில் ஒரு குண்டர் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? அந்த அதிர்வு அவ்வளவாக மந்தமாவதில்லை. முதலாவது அதிகம் இறங்க, இரண்டாவது கொஞ்சமே இறங்க, 1.59 என்ற விகிதம் 2-ஐ நெருங்குகிறது! தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் இப்படி 1, 2, 3, 4, 5 என்று ஐந்தே ஒலிகளில் வந்து சேர்கின்றன. 1920-ல் சிவகாளி குமாருடன் 'நேச்சர்' இதழிலும், 1934-ல் விரிவாகவும் ராமன் இதை எழுதினார். தோல்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். ஆடாத கோடுகளில் மணல் போய் ஒதுங்கியது. மிருதங்கத்தில் 'நம்' என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் லேசாகத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்குமே, அந்த விரல் நிற்பதும் ஆடாத கோட்டின்மேல்தான். அடிப்படை ஒலி அடங்கி இரண்டாவது ஒலி தனியே எழும்.

இதைச் சொன்னதும் "அன்றைக்கே நம் முன்னோருக்குக் கணிதம் தெரியும்" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிட்டக்கல் என்ற கருப்புக் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, பூசி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி பூசி, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் கொண்டுவந்தது தோல் வேலை செய்தவர்களின் கையும் காதும். அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

அடுத்த கச்சேரியில் கொஞ்சம் முன்னாடியே போய் உட்காருங்கள். வித்வான் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்புவார். தட்டிப் பார்ப்பார், இன்னும் ஒரு சிட்டிகை சேர்ப்பார். ஒலி கீழே இறங்குவது உங்களுக்கே கேட்கும்.