அப்பாவுக்கு சிப் வைக்கலாமா?

"எங்கள் வீட்டு நாய்க்கு வைத்திருக்கிறோமே சார், அதுபோல அப்பாவுக்கும் ஒரு சிப் வைக்கச் சட்டத்தில் இடமுண்டா?"

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி தந்தையை அழைத்து வந்திருந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) முதுமை மறதி நோயின் தொடக்கம். பக்கத்துத் தேக்கா சந்தைக்குப் போனவர் எங்கோ தொலைவில் உள்ள உட்லண்ட்சில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். பெரியவரோ எங்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல், மேசையில் கிடந்த ரப்பர் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

தோலுக்கு அடியில் பொருத்தும், அரிசி மணி அளவுள்ள அந்தச் சில்லில் (சிப்) பேட்டரி கிடையாது. ஆள் எங்கே இருக்கிறார் என்று அது சொல்லாது. வருடும் கருவியைச் சில சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். நாயையும் யாராவது பிடித்துக்கொண்டு போனால்தானே கண்டுபிடிக்கிறோம்? மருத்துவக் குறிப்புகளைப் பார்க்க உதவும் இத்தகைய சில்லை மனிதருக்குப் பொருத்த அமெரிக்கா 2004இல் அனுமதித்தது. வியாபாரம் எடுபடவில்லை.

சட்டச் சிக்கல் சம்மதத்தில்தான் தொடங்குகிறது. யாரையும் வற்புறுத்திச் சில்லு பொருத்தக்கூடாது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2006இல் சட்டம் இயற்றியது. 2017இல் அதே மாநிலத்து நிறுவனம் ஒன்றில் ஊழியர்கள் "விரும்பி" கையை நீட்டினார்கள். சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது விருப்பம் எது, வற்புறுத்தல் எது? இங்கே வேலை அனுமதியே முதலாளியின் கையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டால், அவர் தரும் சம்மதத்தை நான் நம்பமாட்டேன்.

நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் தோலுக்கு அடியில் போனதைத் திரும்பப் பெறக் கத்தி வேண்டும். கோவிட் காலத்தில் நாம் வைத்திருந்த டிரேஸ்டுகெதர் கருவியை நினைத்துப் பாருங்கள். கிருமித்தொற்றுத் தடமறிய மட்டுமே என்றார்கள்; காவல்துறையும் அந்தத் தகவலைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் தெரியவந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு கட்டியது. அந்தக் கருவியை நான் இழுப்பறையில் போட்டுவிட்டேன். கையை எந்த இழுப்பறையில் போடுவது?

பெரியவர் விஷயத்தில் மனநலத் திறன் சட்டமும் உண்டு. திறன் இல்லை என்று நிறுவும்வரை ஒருவருக்குத் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும். நேற்று பஸ் மாறி ஏறியவருக்கு இன்று தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாது என்று ஆகிவிடாது. அவர் சார்பில் முடிவெடுக்க நேர்ந்தாலும், அவருடைய உரிமையைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது சட்டம். இடங்காட்டும் கைக்கடிகாரம் கடையில் கிடைக்கிறது. வேண்டாதபோது கழற்றியும் வைக்கலாம்.

உண்மையில் அவசரம் வேறொன்றில் இருந்தது. பின்னாளில் தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரப் பத்திரத்தை, திறன் இருக்கும்போதே எழுதியாக வேண்டும். அதைப் பெரியவரிடமே விளக்கினேன். ரப்பர் வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மகளைக் காட்டினார்.

"இவளையே போடுங்கள். கையில் மட்டும் எதையும் குத்தக்கூடாது என்று அதிலேயே எழுதிவிடுங்கள்."

எழுதினேன்.