ஐபி முகவரியைத் தலைகீழாக எழுதுவது ஏன்?

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: டொமைன் வாங்கிய இடத்தில் எம்எக்ஸ், எஸ்பிஎஃப் என்று மெயிலுக்கான பதிவுகள் எல்லாம் போட்டாச்சு, ஆனால் பிடிஆர் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை என்று 550 பிழையோடு மெயில் திரும்பி வருகிறது, அதை எங்கே போடுவது?

சர்வர் வாடகைக்கு எடுத்த நிறுவனத்திடம். டொமைன் விற்றவரிடம் அதற்கான அதிகாரமே கிடையாது. காரணம்தான் அழகு.

பெயரைக் கொடுத்தால் ஐபி தருவது டிஎன்எஸ். ஐபியைக் கொடுத்துப் பெயர் கேட்டால்? டிஎன்எஸ்ஸுக்குத் துழாவித் தேடத் தெரியாது, ஒரு பெயரின் வலது கோடியில் தொடங்கிப் புள்ளி புள்ளியாக இடப்பக்கம் இறங்கி வர மட்டுமே தெரியும். தபால் உறையில் கதவு எண் முதலில், ஊர் கடைசியில் வருவதைப் போல டொமைனில் பெரியது வலது கோடியில் இருக்கிறது. ஐபியில் நேர்மாறாகப் பெரியது இடது கோடியில். அதனால் 192.0.2.25 என்பதைத் திருப்பிப்போட்டு, வாலில் ஒரு பொதுப்பெயரை ஒட்டி, 25.2.0.192.இன்-ஆடர்.ஆர்பா என்று ஆக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், எண்ணே ஒரு டொமைன் பெயராகிவிட்டது! புதிதாக ஓர் இயந்திரம் கட்ட வேண்டியிருக்கவில்லை. 1987இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற இணைய விதி ஆவணத்திலேயே இது இருக்கிறது, இன்றும் அப்படியே ஓடுகிறது.

இனி ஒவ்வொரு புள்ளியிலும் பொறுப்பைக் கைமாற்றலாம். நம் பகுதியில் ஐபி முகவரிகளைப் பங்கிடும் அமைப்பான ஏப்னிக் ஒரு ஐபி தொகுதியை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால், அதன் தலைகீழ்ப் பெயர்களும் அந்த நிறுவனத்தின் கைக்குப் போகும். உங்கள் பிடிஆர் அங்கேதான் இருக்கிறது.

சரி, ஐபி தொகுதி வைத்திருப்பவர் தன் பிடிஆரில் பெரிய வங்கியின் பெயரை எழுதிவிட்டால்? எழுதலாம், யாரும் தடுக்க முடியாது. அதனால்தான் மெயிலை வாங்கும் சர்வர் பிடிஆர் சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரின் ஐபி என்ன என்று மறுபடி கேட்கிறது. அதே ஐபி திரும்பி வர வேண்டும். வங்கிப் பெயரின் ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு ஏமாற்றுக்காரர் கையில் இல்லையே, அங்கே மாட்டிக்கொள்வார். ஐபிக்காரரும் டொமைன்காரரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே கணக்கு நேராகும். மெயில் அனுப்பத் தொடங்கும்போது தன்னை அறிமுகப்படுத்தும் ஹெலோவில் சர்வர் சொல்லும் பெயரையும் இதுவாகவே வைத்துவிடுங்கள்.

இதைக் கன்ட்ரோல் பேனலில் ஒரு பெட்டியாகக் கொடுக்காமல், டிக்கெட் போடு, காத்திரு என்று அலைக்கழிக்கும் நிறுவனங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. மெயில் நாலைந்து பெரிய கம்பெனிகளின் சொத்தாகிவிடக் கூடாது என்றால், சிறியவர்களுக்கு இந்த வசதி கேட்காமலே கிடைக்க வேண்டும்.

போட்டு முடித்ததும், டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையில் எக்ஸ் கொடியோடு (dig -x) ஐபியைக் கொடுத்துப் பாருங்கள். ஐபிவி6 எனும் புதிய, நீளமான ஐபி முகவரியும் இருந்தால் அதற்கும் தனி பிடிஆர் வேண்டும். 32 இலக்கங்களும் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துத் தலைகீழாகும். இதை மறந்தவர்களுக்குத்தான், ஐபிவி4 சரியாக இருந்தும், சில மெயில் போகும், சில திரும்பி வரும்.