மாண்டலின் குழுவில் குழல் சேரும்போது: மைக்கைத் தேடும் முன்

சென்னையில் மாண்டலின் என்றாலே யு. ஸ்ரீனிவாஸ் வாசித்த மின்மாண்டலின்தான் நினைவுக்கு வரும். அதனால்தானோ என்னவோ, சாதாரண மர மாண்டலின்கள் பதினைந்து இருபது சேர்ந்து வாசிக்கும் குழுவிடமும் “எத்தனை மைக் வேணும்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட குழுக்களுக்கு யார் எதை வாசிப்பது என்று பிரித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் (இரண்டையும் சேர்த்தே இங்கே குழல் என்கிறேன்) சேர்ந்தாலும் மைக் வேண்டாம் என்பேன்.

குழல் மாண்டலினை அமுக்கிவிடும், இன்னும் நாலு மாண்டலின் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. பத்து மாண்டலின்கள் ஒரே வரியை வாசித்தாலும், ஒன்றைவிடச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் காதில் விழும். குழல் எந்த ஸ்தாயியில் வாசிக்கிறது என்பதைப் பாருங்கள். மீட்டிய தந்தியின் நாதம் சட்டென்று தேய்ந்துவிடும். அதை நீட்டத்தான் மாண்டலின்காரர்கள் விடாமல் மேலும் கீழுமாக மீட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு கிளாரினெட் கீழ் ஸ்தாயியில் மெல்ல நுழைந்தால், தந்திக்கே மூச்சு வந்தது போல இருக்கும். அதே கிளாரினெட் உச்சத்துக்கு ஏறினால் குழு மொத்தமும் காணாமல் போகும். புல்லாங்குழலுக்கும் இதே கதைதான். 1908-ல் அரங்கேறிய தன் ஏழாவது சிம்பொனியின் நான்காம் பகுதியில் மாண்டலினைச் சேர்த்த ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர், உரத்து ஒலிக்கும் பித்தளை வாத்தியங்களான டிரம்பெட், டிராம்போன், ட்யூபா மூன்றையும் அந்தப் பகுதி முழுக்க மௌனமாக வைத்தார். (நாகஸ்வரம் கோயில் வீதிக்கான வாத்தியம். அறைக்குள் மாண்டலினோடு சேர்க்க நான் ஒப்புக்கொள்வதில்லை.)

நம் ஊரில் பெரிய தொல்லை ஏசி. வெக்கையில் ஒத்திகை பார்த்துவிட்டுக் குளிர்ந்த அரங்குக்குள் போனால் குழலின் சுருதி இறங்கும், உலோகத் தந்தியின் சுருதி ஏறும். இரண்டும் எதிரெதிராக நகரும்போது எந்தக் காதும் ஏமாறாது. அதனால் அரங்கை முன்கூட்டியே குளிர வைத்து, வாத்தியங்களையும் உள்ளேயே வைத்திருந்து, குழலில் கொஞ்ச நேரம் ஊதிச் சூடேற்றிய பிறகு சுருதி சேருங்கள். அப்புறம் ஏசி காற்றின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த இரைச்சலில், குழுவின் பெரிய, தாழ்ந்த குரல் மாண்டலினான மாண்டோசெல்லோவின் கீழ் ஸ்வரங்கள் கரைந்துவிடும்.

மேடை ஜமுக்காளத்தையும் பின்னாலிருக்கும் கனத்த திரையையும் எடுத்துவிடுங்கள். மாண்டலினின் துல்லியத்தை அவைதான் விழுங்குகின்றன. குழல்காரர்கள் பின்வரிசையில் இருக்கட்டும். ஒத்திகையின்போது காது நன்றாக உள்ள ஒருவர் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மாண்டோலா (மாண்டலினைவிடச் சற்றுக் கீழே ஒலிக்கும் வகை) கேட்கவில்லை என்று அவர் சொன்னால், குழலின் வரியைக் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் குழலை நிறுத்திவிடுங்கள்.