சுவரில் இருந்தால் கண்ணில் படும்

மென்பொருள் குழுக்களை ஒருங்கிணைப்பது என் வேலை. புதிய குழுவுக்குப் போனால் நான் முதலில் கேட்பது ஒரு ஒயிட்போர்டு. "எல்லாம்தான் சிஸ்டத்தில் இருக்கிறதே, எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் திறந்து பார்த்தால்தானே தெரியும்?

ஒரு குழுவில், வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் டிக்கெட் மென்பொருளில் முந்நூறுக்கும் மேல் பணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, பொறுப்பாளர் உண்டு. அதில் ஒன்று இன்னொரு துறையின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. கேட்டவர் பதில் வரும் என்று இருந்துவிட்டார். கொடுக்க வேண்டியவர் அந்த மின்னஞ்சலைப் பார்க்கவே இல்லை. பதினோரு நாள் அப்படியே போனது. யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. வேலை யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போர்டை மாட்டினோம். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என மூன்று கட்டங்கள். ஒரு வேலைக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கி நோட். இரண்டாவது வாரம் நடுக் கட்டத்தில் ஒரு தாள் மட்டும் நகரவே இல்லை. ஏசி காற்றில் அதன் ஓரம் சுருண்டு எழும்பியிருந்தது, எழுத்தும் மங்கியிருந்தது. சுற்றியிருந்த தாள்கள் புதிதாகத் தட்டையாக ஒட்டியிருந்தன. பாட்டிலோடு வந்த ஒருவர் நின்று பார்த்து, "இது ஏன் இங்கேயே கிடக்கிறது?" என்று கேட்டார். அந்த வேலைக்குத் தேவைப்பட்ட அனுமதியைக் கொடுக்க வேண்டியவரே அவர்தான். அன்று மாலையே அது நகர்ந்துவிட்டது.

இந்த முறையின் வேர் டொயோட்டாவில் இருக்கிறது. பொறியாளர் தாயிச்சி ஓனோ அங்கே வளர்த்தெடுத்த கான்பான் முறையில், பாகம் வேண்டும் என்று அடுத்த கட்டத்திலிருந்து வரும் அட்டை இல்லாமல் எந்தப் பாகத்தையும் செய்யக் கூடாது. எத்தனை அட்டைகள் சுற்றுகின்றனவோ அதற்கு மேல் சரக்கு தேங்காது. மென்பொருள் துறையில் பல குழுக்கள் கட்டங்களை எடுத்துக்கொண்டு இந்த வரம்பை விட்டுவிட்டன. திரையில் பட்டியல் நீண்டுகொண்டே போகும், யாருக்கும் உறுத்தாது. போர்டில் நடுக் கட்டத்துக்கு ஐந்து தாள் அளவுதான் இடம் விடுவேன். ஆறாவதைக் கொண்டுவருபவர் ஏற்கெனவே இருப்பதில் எதை முடிப்பது என்று எல்லோர் முன்னாலும் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுக்காகவே போர்டு வேண்டும் என்பேன்.

கையால் எழுதினால் மனதில் நன்றாகப் பதியும் என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். அதைத் திரும்பச் செய்து பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. அதை வைத்து நான் வாதாடுவதில்லை.

குழுவில் பாதிப் பேர் வேறு இடத்திலிருந்து வேலை செய்தால் சுவர் போர்டு வேண்டாம். அலுவலகத்தில் இருப்பவர்கள் அதன் முன் நின்று முடிவெடுத்துவிடுவார்கள், மற்றவர்களுக்குச் சேதி மட்டும்தான் போய்ச் சேரும். அங்கே திரைதான் சரி.

போர்டு வாங்குவதாக இருந்தால் எனாமல் பூசிய எஃகு அல்லது கண்ணாடி பாருங்கள். மெலமைன் என்ற பிளாஸ்டிக் பூச்சுள்ள போர்டு விலை குறைவு, ஆனால் வாரக்கணக்கில் விட்ட எழுத்து அதில் நிழலாகத் தங்கிவிடும். யாராவது பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால் பதற வேண்டாம். அதன் மேலேயே சாதாரண போர்டு மார்க்கரால் எழுதி, காய்வதற்குள் துடையுங்கள். புது மையில் உள்ள கரைப்பான் பழையதையும் இளக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர், சம்பளக் கணக்கு எதுவும் போர்டிலோ ஸ்டிக்கி நோட்டிலோ இருக்கக் கூடாது. 2018 ஜனவரியில் ஹவாயில் தவறான ஏவுகணை எச்சரிக்கை போன பிறகு, அந்த அவசரகால மையத்தில் முந்தைய ஆண்டு எடுத்த ஒரு செய்திப் படத்தைப் பலரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கணினித் திரையில் கடவுச்சொல் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. இன்று வீடியோ கால் போட்டாலே பின்னால் இருக்கும் சுவர் முழுக்கத் தெரிகிறது. உங்கள் இருக்கைக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று இப்போதே ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.