கன்னியாவில் ஏழு கிணறுகள் 'இருந்தன'வா, 'இருக்கின்றன'வா?

திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி தன் ஆங்கிலக் கொப்பியில் 'தேர் வேர் செவன் வெல்ஸ்' என்று எழுதியிருந்தாள். போனது நேற்று, பார்த்தது நேற்று, அதனால் இறந்தகாலம். கதையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது அது பிழையில்லை. ஆனால் திருகோணமலையே தெரியாத ஒருவர் அந்த வரியை மட்டும் வாசித்தால், 'அப்போ, இப்ப அந்தக் கிணறுகள் இல்லையா?' என்று கேட்கக்கூடும். 'தேர் ஆர்' என்று எழுதினால் அந்தச் சந்தேகம் வராது.

ஆங்கில வினை காலத்துக்காக எடுக்கும் வடிவம் இரண்டுதான். எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணைச்சொல் வேண்டும். தமிழிலோ வந்தேன், வருகிறேன், வருவேன் என்று மூன்று. சிக்கல் என்னவென்றால், தமிழில் வழக்கத்தைச் சொல்லவும் அந்த மூன்றாவது வடிவமே வந்துவிடுகிறது. 'அப்பா தினமும் கடலுக்குப் போவார்' என்பதைப் பிள்ளைகள் 'வில் கோ' என்று எழுதுவது அதனால்தான். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலம்: 'கோஸ்'. அப்பா இப்போது வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தாலும் 'கோஸ்' சரிதான். இந்த நேரத்தில் நடப்பதைச் சொல்லத்தான் 'இஸ் கோயிங்'.

அதிகம் தடுக்கி விழும் இடம் 'ஹேவ்' சேரும் வடிவம். 'செய்திருக்கிறேன்' என்பதற்கு அது நெருக்கமாக இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று நம்பிவிடுகிறோம். தரை நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்ததை நாங்கள் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்து ஊகிக்கிறோம். தமிழில் 'இருக்கிறது' இந்த ஊக வேலையையும் செய்யும். 'நேற்று', 'ராத்திரி' எதனோடும் இணங்கிப் போகும். ஆங்கில 'ஹேவ்' அப்படி இணங்காது. நடந்தது எதுவோ அதை இன்றைய பொழுதோடு கட்டிப்போடுவதே அதன் வேலை. 'எஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்ன உடனே அந்தக் கட்டு அறுந்துவிடும். ஆகவே 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' பிழை, 'ஐ சோ ஹிம் எஸ்டர்டே' சரி. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியதை எழுதும்போதும் இதே கணக்குத்தான். திகதி வந்துவிட்டது, 'பாம்ப்ட்' போதும், 'ஹேவ்' வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. ஆங்கில இறந்தகாலம் எப்போதும் கடந்துபோனதைக் காட்டுவதில்லை. சில வேளை உண்மையிலிருந்து விலகி நிற்பதையும் காட்டும். 'இஃப் ஐ ஹேட் எ போட்' என்றால் பேசுபவரிடம் தோணி இல்லை. 'ஹேட்' அங்கே நேற்றைச் சொல்லவில்லை, இல்லாமையைச் சொல்கிறது. தமிழும் இதற்கு அந்நியமல்ல. 'தோணி இருந்தால் புறாத்தீவுக்குப் போகலாம்' என்பதில் 'இருந்த்' என்ற இறந்தகால அடிதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் தமிழ் அந்த அடியை எல்லா நிபந்தனைக்கும் பயன்படுத்தும், நடக்கக்கூடியதற்கும்கூட. ஆங்கிலம் அங்கே பிரித்துவிடும். நாளை மழை பெய்தால் நிலாவெளிக்குப் போகமாட்டோம் என்பதற்கு 'இஃப் இட் ரெயின்ஸ்' என்று நிகழ்காலம். 'ரெயின்ட்' என்று எழுதினால், மழை வருமென்று நீங்கள் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.